நேரத்தை மட்டும் எழுது

ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. கும்பகோணத்தில் எங்கள் பர்ன்-இன் அறையில் 125 டிகிரியில் 160 மணி நேர ஓட்டம். பர்ன்-இன் என்றால், ஐசி சிப்புகளை அனுப்புமுன் சூட்டிலும் வோல்டேஜிலும் ஓட்டிக் கெட்டதைக் கழிக்கிற சோதனை. 131ஆவது மணியில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் எடுக்க 14 நிமிடம் ஆயிற்று. யுபிஎஸ் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான். அவ்வளவு நேரமும் சேம்பர், அதாவது சூட்டுப் பெட்டி, கொதித்துக்கொண்டிருந்தது, ஐசிகள் இருந்த போர்டுகளில் வோல்டேஜ் இல்லை.

அதுதான் வம்பு. ஐசிக்குள் சோடியம் மாதிரி அசுத்தம் இருந்தால், சூடும் வோல்டேஜும் சேரும்போது அது ஒரு பக்கமாக நகர்ந்து, கசிவைக் கூட்டித் தன்னைக் காட்டிக்கொடுக்கும். சூட்டில் வோல்டேஜ் மட்டும் போனால் கலைந்துவிடும். கெட்ட ஐசியும் நல்லது போல அளவு காட்டும். ஐசி சோதனைக்கான அமெரிக்க ராணுவத் தரவிதி மில்-எஸ்டிடி-883, ஓட்டம் முடிந்த பிறகும் 35 டிகிரிக்கு ஆறும்வரை வோல்டேஜை எடுக்காதே என்பது இதனால்தான். இதை என்னிடம் வேலை பார்த்த தம்பிக்குச் சொல்லிக்கொடுத்ததே நான். வலங்கைமான் பக்கம் விவசாய வீட்டுப் பையன். "விதைநெல்லை உப்புத்தண்ணியில போட்டுப் பதரை எடுக்கிற மாதிரிதானே சார் இந்த பர்ன்-இன்?" என்று முதல் வாரமே பிடித்துக்கொண்டவன்.

லாக் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டான்: "கரண்ட் போனதை எழுதட்டுமா சார்?"

"மீதி 29 மணி நேரத்தை ஓட்டு. நேரத்தை மட்டும் எழுது."

என்னைப் பார்த்தான். அப்புறம், கரண்ட் போனதை விட்டுவிட்டு, ஓட்டிய நேரத்தை மட்டும் எழுதினான்.

மீதி 29 மணி நேரமும் சூடும் வோல்டேஜும் முழுசாக இருந்தன. கலைந்தது திரும்பச் சேர அது போதும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். கடைசி அளவீட்டில் இரண்டு ஐசி கழிந்தன. அனுப்பியதில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. சரி, அவ்வளவு நம்பிக்கை இருந்தால் எழுதியிருக்கலாமே? எழுதியிருந்தால் வாடிக்கையாளர் முதலிலிருந்து ஓட்டச் சொல்வார், இன்னும் ஒரு வாரம் போகும். சரக்கு ஏற்கெனவே தாமதம். அந்த நிமிடம் என் மனதில் இருந்தது சோடியம் இல்லை, அந்த ஒரு வாரம்தான். முடிவு சரியாகவே இருந்திருக்கலாம். அதை எடுத்த காரணம்தான் உறுத்துகிறது. அதையும் அவன் கையால் எழுத வைத்தேன்.

இப்போது அவன் ஓசூரில் இருக்கிறான். பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்வான். ஒவ்வொரு முறையும் கேட்க வாயெடுக்கிறேன். சம்பா அறுவடை ஆச்சா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன்.