பச்சை வெளிச்சமும் மூன்று மணி நூலும்

கண் கிளினிக்குக்குப் போகிறவர்களுக்கு முதல் வேலையாக ஒன்று சொல்கிறேன்: கிளினிக் கொப்பியை இரவே பையில் வையுங்கள். நான் வைக்கவில்லை. ஒட்டுசுட்டானிலிருந்து விடியப்புறம் மகளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு, மாங்குளம் சந்தியில் பஸ் மாறி, இரண்டு மணித்தியாலம் வரிசையில் நின்று முறை வந்த பிறகுதான் கொப்பி சாமித்தட்டில் கிடப்பது ஞாபகம் வந்தது. துண்டு கொடுக்கிறவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "கொப்பி இல்லாட்டி அடுத்த கிழமை வாங்கோ." அவ்வளவுதான்.

மகள் தரம் எட்டு. பத்து நிமிடம் வாசித்தால் தலையிடி, எழுத்து இரட்டையாகத் தெரியுது, வரி மாறிப் போகுது என்பாள். பள்ளிக்கூடத்தில் கண் பார்த்தபோது ஆறு மீற்றரில் கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டாள். பிறகென்ன, படிக்கப் பஞ்சிப்படுகிறாள் என்று நானே பேசினேன். அது இன்னும் உறுத்துகிறது.

அப்போதுதான் ரொறன்ரோவிலிருந்து மச்சாள் கலர் வெளிச்சச் சிகிச்சையைப் பற்றிச் சொன்னா. அமெரிக்காவில் ஸ்பிற்லர் என்பவர் 1930களில் பரப்பிய முறை. ஒரு நாளைக்கு இருபது நிமிடம், கிட்டத்தட்ட இருபது நாள், குறிப்பிட்ட நிற வெளிச்சத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டுமாம். ஊருக்கு வந்த ஒருவரிடம் பச்சைக் கண்ணாடி போட்ட மூக்குக்கண்ணாடி ஒன்றும் கொடுத்துவிட்டா. இருட்டறை வேண்டும் என்றா. எங்கள் வீட்டில் எங்கே இருட்டு? தகரக் கூரையின் ஆணி ஓட்டை ஒவ்வொன்றாலும் வெயில் ஊசி மாதிரி இறங்கும். சாக்குக் கட்டி, பாய் தொங்கவிட்டு, அந்த வெக்கைக்குள் பிள்ளையை மின்குமிழுக்கு முன்னால் இருத்தினேன்.

இருபது நாள் முடியத் தலையிடி காணாமல் போனது! மச்சாளுக்கு நன்றி சொல்லி வொய்ஸ் மெசேஜ்கூட அனுப்பிவிட்டேன். அது தவணை விடுமுறை, பிள்ளை புத்தகத்தைத் தொடவே இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. பள்ளிக்கூடம் தொடங்கி மூன்றாம் நாளே தலையிடி திரும்பி வந்தது.

சரி, கிளினிக். இரண்டாம் முறை கொப்பி இருந்தது. ஆனால் உள்ளே போனதும் துளி மருந்து விட்டுவிட்டார்கள். கண்மணி விரிந்தால் கிட்டப் பார்வையைச் சரியாகச் சோதிக்க முடியாதாம். இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். ஆகவே, வாசிக்கும்போதுதான் பிரச்சினை என்பதைத் துளி விட முன்னமே வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

மூன்றாம் முறை விஷயம் இரண்டு நிமிடத்தில் பிடிபட்டது. கண் சோதிக்கிற மிஸ் ஒரு பேனையை மகளின் மூக்குக்கு நேரே மெல்லக் கிட்டக் கொண்டுவந்தா. ஒரு சாண் தூரம் வரும்போதே வலது கண் வெளிப்பக்கம் வழுக்கிப் போனதை நானே பார்த்தேன். பேனை ஆறு சென்ரிமீற்றர் கிட்ட வரும் வரைக்காவது இரண்டு கண்ணும் சேர்ந்து உள்ளே திரும்ப வேண்டுமாம். அப்படித் திரும்பாததற்குப் பெயர் குவிவுக் குறைபாடு. தூரத்து எழுத்துப் பலகையில் இது தெரியாது. பச்சைக் கண்ணாடிக் கதையைக் கூச்சத்தோடு சொன்னேன். டொக்டர் ஏசவில்லை, அதற்கு நல்ல ஆதாரம் கிடையாது, கண் பயிற்சிக்குத்தான் இருக்கிறது என்றார். பிறகு தேடிப் பார்த்தேன்: 2008இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு, 9 முதல் 17 வயது வரையான 221 பிள்ளைகள், 12 கிழமை. கிளினிக்கில் மேற்பார்வையோடு பயிற்சி செய்து வீட்டிலும் தொடர்ந்தவர்களில் சுமார் 73 வீதமானவர்களுக்குப் பலன். வீட்டில் பென்சிலை மட்டும் கிட்டக் கொண்டுவந்து பார்த்தவர்களில் 43 வீதம்தான்.

எங்களுக்குத் தந்தது ஒரு நூல், அதில் சிவப்பு, மஞ்சள், பச்சையாக மூன்று மணி. ஒரு நுனியை யன்னல் கம்பியில் கட்டி, மறு நுனியை மூக்கில் பிடித்து, மணிகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இங்கேயும் நான் குழப்பினேன். "அம்மா, நூல் ரெண்டாத் தெரியுது" என்றாள். இரட்டைப் பார்வை கூடிவிட்டது என்று பயந்து ஒரு கிழமை நிறுத்திவைத்தேன். அடுத்த முறை போனபோது மிஸ் சிரித்தா. பார்க்கிற மணி ஒன்றாகவும், நூல் இரண்டாகி அந்த மணியில் பெருக்கல் குறி மாதிரி வெட்டுவதாகவும் தெரிந்தால்தான் இரண்டு கண்ணும் வேலை செய்கிறதாம். ஒரே நூல் தெரிந்தால்தான் யோசிக்க வேண்டும்.

இப்போது பத்தாவது கிழமை. பேனை ஏழு சென்ரிமீற்றர் வரை வருகிறது. பச்சைக் கண்ணாடியைச் சின்னவன் போட்டுக்கொண்டு கோழி கலைக்கிறான்.