சீசனுக்கு முன்: ஒரு லெஃப்ட் பேக்கின் நாட்குறிப்பு

ஜூன் 3, செவ்வாய்

ஆகஸ்ட் நடுவில் கால்பந்து சீசன் தொடங்குகிறது. நாற்பது வயதில் லெஃப்ட் பேக்காக (இடப்புறத் தடுப்பு வீரராக) ஆடுகிறவன் முதலில் தன் நிலையை அளந்துகொள்வது நல்லது என்பதால், இன்று யோ-யோ சோதனையில் இறங்கினேன். இருபது மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள். ஒலி கேட்டதும் ஓடி, அடுத்த ஒலிக்குள் எதிர்க்கோட்டைத் தொட்டு, புறப்பட்ட இடத்துக்குத் திரும்பிய பின் 10 விநாடி மட்டும் இளைப்பாறலாம். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஆரம்பிக்கும் ஓட்டத்தை அந்த ஒலி போகப்போக நெருக்கிக்கொண்டே வரும். இரண்டாம் முறை கோட்டை எட்டத் தவறினால் சோதனை முடிந்தது. என்னை நிறுத்தியது மூச்சு அல்ல. கோட்டருகே வேகத்தை அடக்கித் திரும்பும் அந்த இரண்டு எட்டுகளில்தான் தொடைகள் ஒத்துழைக்க மறுத்தன. நேர்கோட்டில் ஒரே சீராக ஓடும் மெதுவோட்டம் இந்தத் திறனைத் தொடுவதே இல்லை. கால்பந்தோ நின்று, திரும்பி, மறுபடி பாயச் சொல்லும் ஆட்டம்.

ஜூன் 9, திங்கள்

மூச்சுக்கான வேலையையும் விட்டுவிட முடியாது. நான்கு நிமிடம் கடுமையாக ஓடி, மூன்று நிமிடம் மெல்ல ஓடுவது, இப்படி நான்கு முறை. கடும் ஓட்டத்தில் இதயத் துடிப்பு உச்ச அளவின் 90 முதல் 95 சதவீதத்தில் இருக்க வேண்டும். 208-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழித்தால் உச்ச அளவு தோராயமாகக் கிடைக்கும். எனக்கு அது 180, எனவே 162-க்கும் 171-க்கும் இடையில் ஓட வேண்டும். நார்வேயின் இளம் வீரர்கள் இதையே வாரம் இருமுறையாக எட்டு வாரம் செய்தபோது, ஆட்டத்தில் அவர்கள் ஓடிய தூரம் ஐந்தில் ஒரு பங்கு கூடியதாக 2001-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அவர்கள் பதின்வயதினர், நான் அலுவலகம் முடிந்து வருகிறவன். அதில் பாதி கிடைத்தாலே எனக்குப் போதும்.

ஜூன் 18, புதன்

இன்று நோர்டிக் பயிற்சியைத் தொடங்கினேன். மண்டியிட்டு அமர, சக வீரர் கணுக்கால்களை அழுத்திப் பிடித்துக்கொள்கிறார். முழங்காலிலிருந்து தலைவரை உடலை ஒரே நேராக வைத்துக்கொண்டு, முடிந்த அளவு மெதுவாக முன்னால் சாய வேண்டும். முதல் சில அங்குலங்கள் எளிதாகத்தான் போகின்றன. பிறகு தொடையின் பின்புறம் நடுங்கத் தொடங்குகிறது, இடுப்பு தானாக மடங்கப் பார்க்கிறது, ஒரு கட்டத்தில் பிடி முற்றிலும் விட்டுப்போய் உள்ளங்கைகள் புல்லில் அறைகின்றன. முழு வேகத்தில் ஓடும்போது, வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பு, நீண்டுகொண்டே அந்தக் காலைத் தடுத்து நிறுத்தும் வேலை தொடையின் பின்தசையான ஹாம்ஸ்ட்ரிங்குக்கு விழுகிறது. பெரும்பாலும் அது கிழிவதும் அந்தத் தருணத்தில்தான். இந்தப் பயிற்சியிலும் அது நீண்டபடியேதான் சுமையைத் தாங்குகிறது.

ஜூன் 20, வெள்ளி

படி இறங்கக் கைப்பிடி தேவைப்பட்டது. பழகாத பயிற்சிக்குப் பின் 24 முதல் 72 மணி நேரத்தில் வலி உச்சத்துக்கு வருவது இயல்பே. நடை மட்டும்.

ஜூலை 5, சனி

அணியில் சிலருக்கு மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினால்தான் பயிற்சி செய்த திருப்தி. மறுத்துப் பேசிப் பயனில்லை என்பதால், ஓரமாகப் பெனால்டி பகுதியிலேயே என் வேலையை வைத்துக்கொண்டேன். கோல் கோட்டிலிருந்து அதன் விளிம்புவரை 16.5 மீட்டர், முழு வேகத்தில் போய், சட்டென நின்று, திரும்பி வந்து, அரை நிமிடம் நடக்கிறேன். இத்தகைய குறும்பாய்ச்சலுக்கு எரிபொருளாகும் பாஸ்போகிரியேட்டின் அந்த அரை நிமிடத்தில் ஏறத்தாழப் பாதிதான் மீள்கிறது, முழுதாக நிரம்பச் சில நிமிடங்கள் பிடிக்கும். ஆட்டத்தில் எதிரணியின் விங்கர் (ஓரமாகப் பாய்ந்து வரும் தாக்குதல் வீரர்) நமக்காக அத்தனை நேரம் காத்திருக்கப்போவதில்லை என்பதால், பாதி நிரம்பிய கால்களோடு ஓடிப் பழகுவதே இங்கு நோக்கம்.

ஜூலை 27, ஞாயிறு

நட்பு ஆட்டம், ஒரு மணி நேரம் ஆடினேன். இரண்டாம் பாதியில் விங்கர் வெளியே போவதுபோல் காட்டி உள்ளே வெட்டியபோது, இடது காலை ஊன்றி, நின்று, அவரோடு திரும்ப முடிந்தது. பந்து கிடைக்கவில்லை என்றாலும் உள்வழி அடைபட்டது. ஆட்டத்துக்கு முன், காயங்களைக் குறைப்பதற்கான ஃபிஃபா 11+ வார்ம்-அப்பை இருபது நிமிடம் செய்தோம். அதன் 15 பயிற்சிகளையும் முழுமையாகச் செய்தவர்கள் பாதிப்பேர்கூட இல்லை. மற்றவர்கள் கோலை நோக்கிப் பந்தை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகஸ்ட் 6, புதன்

முதல் ஆட்டம் 16-ஆம் தேதி. இனி புதிதாக எதையும் சேர்க்கப்போவதில்லை. ஓட்டத்தின் அளவைப் பாதியாக்கி, பாய்ச்சலின் வேகத்தை மட்டும் அப்படியே வைத்துக்கொள்கிறேன். நோர்டிக் இன்னும் ஒரே முறை, 12-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை. வலி இருந்தால் ஆட்ட நாளுக்குள் தணிந்துவிடும்.