முகம் கொடுத்தவர்களுக்கு: நீலகிரி நாட்குறிப்பு

நவம்பர் 9, கோத்தகிரி

மழை விட்டும் மூன்று நாளாக மூடுபனி விலகவில்லை. இந்த வெளிச்சத்தில் யாரை நிறுத்தினாலும் படம் அழகாக வரும் என்பார்கள். பாதிதான் உண்மை. நிழல் மெத்தென்று விழும், கண் கூசாது, பின்னாலிருக்கும் கம்பிவேலியும் தண்ணீர்த் தொட்டியும் கரைந்துபோகும். ஆனால் வெளிச்சத்தில் பெரும்பங்கு மேலிருந்து இறங்குகிறது. வயதானவர்களின் கண்குழி இருண்டுவிடும், கன்னம் தட்டையாகிவிடும்.

இதற்கு வீட்டு வாசலே போதும். கூரைச் சொட்டு விழும் கோட்டிலிருந்து ஒன்றரை அடி உள்ளே நாற்காலியைப் போட்டு, முகம் வெளியே பார்க்க உட்கார வைக்க வேண்டும். மேல்வெளிச்சத்தைக் கூரை தடுத்துவிடும். எதிரே திறந்த வெளியின் வெளிச்சம் நேராகக் கண்ணுக்குப் போகும், கருவிழியில் வெள்ளைப் பொட்டு ஒன்று விழும். மடியில் இரண்டடிக்கு ஒன்றரை அடி தெர்மோகோல் துண்டு வைத்தால் தாடைக்குக் கீழே உள்ள இருட்டு தெளியும். ஒரு பக்கம், முகத்திலிருந்து இரண்டடி தள்ளி, விரித்த கறுப்புக் குடை. அது அந்தப் பக்கத்து வெளிச்சத்தைக் குடித்துவிடும், கன்ன எலும்பு எழும்பி வரும்.

குடையைக் கையோடு கொண்டுபோவதைவிட அந்த வீட்டிலேயே கேட்டு வாங்குவது மேல். பேத்தி குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றால், இறுகியிருந்த பாட்டியின் தோள் தானாக இறங்கும்.

நவம்பர் 14, கோத்தகிரி

வெளிக் குளிரில் இருந்த கேமராவை அடுப்பு எரிகிற சமையற்கட்டுக்குள் கொண்டுபோனதும் லென்ஸ் முழுக்க நீர் பூத்துவிடும். குளிர்ந்த கண்ணாடியில் சூடான ஈரக்காற்று படுவதால் வருவது இது. துணியால் துடைத்தால் மறுபடி பூக்கும். உள்பக்கம் பூத்தால் துடைக்கவும் வழியில்லை, அங்கேதான் பிறகு பூஞ்சை பிடிக்கும். வாசலுக்கு வெளியிலேயே கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடி, உள்ளே போனபின் அரைமணி நேரம் திறக்காமல் வைக்க வேண்டும். ஈரம் உறையின் மேல் படியும், கேமரா மெல்லச் சூடாகும்.

இந்த அரைமணி நேரத்தை வீண் என்று நினைப்பவர்கள் ஆட்களைப் படம் எடுக்காமல் இருப்பதே நல்லது. கொடுக்கிற காபியைக் குடிக்கலாம். ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது, பேசும்போது அவர் எந்தப் பக்கம் தலை சாய்க்கிறார், எந்தக் காது மந்தம் என்று பார்த்துக்கொள்ளலாம். கேட்காத காதுப் பக்கம் நின்று பேசினால் முகம் முழுக்கக் கேள்வியாகவே இருக்கும், அது படத்தில் வரும்.

விளக்கு விஷயம் ஒன்று. சில எல்.இ.டி. பல்புகள் நொடிக்கு நூறு முறை துடிக்கும். ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/100 அல்லது 1/50 நொடியாக இருந்தால் பட்டை விழாது. 1/250 வைத்தால் முகத்தின் குறுக்கே இருட்டுக் கோடுகள் வரும். முடிந்தால் பல்பை அணைத்துவிட்டு ஜன்னலை நம்பலாம்.

நவம்பர் 23, குன்னூர்

‘முகம் கொடுத்துப் பேசு’ என்கிறோம். படம் எடுக்கிறவர் செய்வது நேரெதிர். பேசிக்கொண்டே இருந்தவர் திடீரென்று கறுப்புப் பெட்டிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்கிறார். எதிரில் இருப்பவருக்குப் பார்க்க ஒரு கண்ணாடித் துண்டுதான் மிஞ்சுகிறது. அந்த நொடியில்தான் முகம் இறுகுகிறது. கூச்சம் என்று அவர் மேல் பழி போடுகிறோம்.

இதைச் சரிசெய்ய நிறையப் பேச வேண்டியதில்லை, கேமராவைப் பொருத்தும் ஒரு முக்காலி போதும். 85 மி.மீ. லென்ஸ், இரண்டு மீட்டர் தூரம், லென்ஸ் அவர் கண்ணின் உயரத்தில். பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருந்தால் நாம் முட்டி போட வேண்டும். நின்றபடி குனிந்து எடுத்தால் அவர் அண்ணாந்து பார்ப்பார், நெற்றி பெரிதாகி முகம் கெஞ்சுவதுபோல் வரும். கேமராவைத் தொடாமலே ஷட்டரை அழுத்தும் ரிலீஸ் ஒயர் கையில். நம் முகம் லென்ஸுக்கு ஒரு சாண் பக்கத்தில், வெளிச்சம் வருகிற பக்கமாக இருக்கட்டும். ஒரு கை தள்ளிப் போனால் பார்வை வேறெங்கோ போய்விடும்.

லென்ஸின் துளை எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் எஃப் எண்ணில்தான் பலரும் தவறுகிறார்கள். இந்தத் தூரத்தில், முழு அளவு சென்சாரில், எஃப் 1.8 வைத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் 6 செ.மீ. தான். எஃப் 2.8இல் 9, எஃப் 4இல் 13. பேசுகிறவர் சும்மா இருக்க மாட்டார். சிரித்துக்கொண்டே முன்பக்கம் சாய்ந்தாலே நாலு செ.மீ. போய்விடும், கண் மங்கி காது தெளிவாக வரும். அதனால் எஃப் 4. கண்ணைத் தொடரும் ஆட்டோபோகஸ் இல்லாத கேமராவில் அருகிலிருக்கும் கண்ணில் போகஸ் வைத்துப் பூட்டி, நாற்காலியில் முதுகு சாய்த்து உட்காரச் சொல்ல வேண்டும். ஷட்டர் 1/125க்குக் கீழே போனால் பேசுகிற உதடு கலையும். சென்சாரின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. 1600 ஆனாலும் பரவாயில்லை, அதனால் படத்தில் வரும் குருணையை யாரும் குறை சொல்வதில்லை.

தூரமும் ஒரு மரியாதைதான். செல்போனின் அகல லென்ஸை இரண்டடியில் நீட்டினால் மூக்கு முன்னே வந்து காது பின்னே போகும். படத்தைப் பார்த்து “நான் இப்படியா இருக்கேன்?” என்று கேட்பவர் சரியாகத்தான் கேட்கிறார். அவர் அப்படி இல்லை.

“கொஞ்சம் சிரிங்க” என்ற சொல்லை அடியோடு விட்டுவிடலாம். உதடு கீழ்ப்படியும், கண்ணைச் சுற்றிய தசை கீழ்ப்படியாது. அவருக்குத் தெரிந்ததைக் கேட்பதுதான் வழி: “ஏம்மா, கவாத்து வெட்டின செடி மறுபடி கொழுந்து விட எவ்வளவு நாளாகும்?” பதில் சொல்லி முடித்து வாய் மூடுகிற நொடி ஒன்று இருக்கிறது. ரிலீஸை அழுத்த அதுதான் இடம்.

டிசம்பர் 1, குன்னூர்

தோட்டத்தில் கூலி எடைக்குத் தக்கபடி ஏறி இறங்கும். கொழுந்து பறிக்கிற கையை நிறுத்தி நம் பக்கம் திரும்பச் சொல்வது அவர் காசில் கை வைப்பது. எடை போட்டு முடித்து, தண்ணீர் குடிக்க உட்காரும்போது கேட்கலாம். மேஸ்திரியிடம் அனுமதி வாங்கியதாலேயே அந்த அக்காவிடம் வாங்கியதாக ஆகாது. தனியாகக் கேட்க வேண்டும்.

செடிகளுக்கு நடுவே நின்றால் தாடையின் அடியில் பச்சை ஏறும். முகத்தின் மேல்பாதி சரியாக இருக்க கீழ்ப்பாதி மட்டும் பச்சையாவதால், நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை எப்படித் திருப்பினாலும் தீராது. மண் பாதைக்கு நகர்ந்துவிடுவது எளிது.

டிசம்பர் 12, உதகை

நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் பூத்துக்குளிச் சால்வை: வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை. 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சிவப்பு கேமராவை ஏமாற்றும். கேமரா காட்டும் வெளிச்ச வரைபடமான ஹிஸ்டோகிராம் மொத்தத்தில் நன்றாக இருப்பதாகக் காட்டும்போதே சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்து, இழை தெரியாத ஒரே பட்டையாகிவிடும். மூன்று நிற ஹிஸ்டோகிராமைத் தனித்தனியாகப் பார்த்து, தேவைப்பட்டால் வெளிச்சத்தை ஒரு ஸ்டாப்பில் மூன்றில் ஒரு பங்கு குறைக்க வேண்டும் (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது). நூலை எண்ணி எண்ணித் தைத்தவர் முதலில் பார்ப்பது அந்த இழையைத்தான்.

தோடர் குடியிருப்பான மந்தில் கேமராவைக் கண்டதும் சில பெரியவர்கள் நிமிர்ந்து, நேராக, அசையாமல் நிற்பதைப் பார்க்கலாம். இந்த மலை மக்களை நேராகவும் பக்கவாட்டிலும் நிறுத்திப் படம் எடுத்த காலம் நீளமானது. 1890களில் சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் தோடர்களின், கோத்தர்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்து பதிப்பித்தார். அளக்க எடுத்த படத்தில் ஆளின் பெயருக்குப் பெரும்பாலும் இடமில்லை. எனவே பெயரை முதலில் கேட்டு நோட்டில் எழுதிய பிறகே கேமராவை வெளியே எடுக்க வேண்டும் என்பது மாற்றக்கூடாத விதி. கோயில் பக்கம் திரும்பும் முன் எது கூடும், எது கூடாது என்று அவர்களையே கேட்க வேண்டும்.

டிசம்பர் 28, கோத்தகிரி

நீலகிரியின் படுகர் மக்கள் கும்பிடும் ஹெத்தையம்மனின் திருவிழாக் காலம். படுகர் ஊர்களில் எங்கு பார்த்தாலும் வெள்ளை உடை. வெள்ளை நிறைந்த காட்சியைக் கேமரா சாம்பலாக்கப் பார்க்கும், அதற்குள் இருக்கும் முகம் கரியாகும். ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரை முகத்தில் வைத்து அளக்க வேண்டும், இல்லையென்றால் வெளிச்சத்தை +1 ஸ்டாப் ஏற்ற வேண்டும். சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் ரா கோப்பாக எடுத்தால் துணியின் மடிப்பு பிறகு மீளும்.

பெரியவர் முன் தலை தாழ்த்தினால் அவர் தலையில் கை வைத்து வாழ்த்துவார். முதலில் அந்த வாழ்த்து, படமெல்லாம் பிறகு.

ஜனவரி 4, உதகை

உறைபனி. பேட்டரி பாதியிலேயே செத்துப்போகும். இரண்டாவது பேட்டரியைச் சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வைக்கலாம். காலை ஏழு மணிக்கு யாரையும் வெளியே நிறுத்தக்கூடாது. மூக்கு சிவந்து கண்ணில் நீர் கோத்துவிடும். ஒன்பதரைக்கு மேல் போதும்.

ஜனவரி 11, கூடலூர்

1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களுக்காக 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டம் நீலகிரியில் தொடங்கியது. அந்தக் குடும்பங்களில் பழைய படம் ஒன்றிரண்டு தகரப் பெட்டியில் இருக்கும். நம்மை எடுக்க விடுகிறவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்பது, “இதையும் ஒண்ணு எடுத்துத் தர முடியுமா?” என்றுதான். முடியாது என்று சொல்லவே கூடாது.

படத்தைத் தரையில் சமமாக வைத்து, கேமராவை நேர் மேலே, தாளுக்கு இணையாக. எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 100, இரண்டு வினாடி டைமர். ஒரே வகை விளக்கு இரண்டு, இருபுறமும் 45 பாகையில். பிளாஷ் வேண்டாம், பளபளப்பில் வெள்ளைத் திட்டு விழும். ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிரிக்கவே கூடாது, முகத்தின் தோல் உரிந்து கண்ணாடியோடு போய்விடும். கறுப்புத் துணியில் லென்ஸ் அளவு ஓட்டை போட்டு, கேமரா முன்னே திரையாகப் பிடித்து, கண்ணாடியோடு சேர்த்தே எடுக்கலாம். பிரதிபலிப்பு வராது.

ஜனவரி 18, உதகை

பிரிண்ட் வேலை. 6க்கு 8 அங்குலம், மேட் தாள். பளபளப்புத் தாள் இந்த ஈரத்தில் கண்ணாடியில் ஒட்டும். மேட் ஆனாலும் படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே 2 மி.மீ. அட்டை விளிம்பு வேண்டும். மழை அடிக்கிற வெளிச்சுவரின் உள்பக்கம் மாட்ட வேண்டாம் என்று கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

படத்தை வெளியே காட்டலாமா என்று எடுக்கும் முன்பே கேட்டு வாங்கும் சம்மதம் பலமில்லாதது, எதற்கு என்று தெரியாமல் தலையாட்டியிருப்பார். பிரிண்ட்டைக் கையில் கொடுத்து, பார்த்து முடிக்கவிட்டு மறுபடி கேட்க வேண்டும். ‘வீட்டுக்கு மட்டும்’ என்றால் நோட்டில் அப்படியே எழுதி, கோப்பைத் தனியாகப் போட்டுவிட வேண்டும். குழந்தை என்றால் அப்பா அம்மாவிடம் கேட்க வேண்டும்.

பின்பக்கம் பெயர், ஊர், தேதி. இந்தத் தாளில் பென்சில் பிடிக்காது, பால்பாயிண்ட் அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். அழியாத மை மார்க்கர்தான் சரி. குளிரில் மை காய நேரமாகும். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் ஒருவர் பெயர் இன்னொருவர் முகத்தில் பதிந்துவிடும். மேசையில் பரப்பி, இரவு முழுக்க அப்படியே விட்டிருக்கிறது.