செவன்-இஷ் விருந்தும் 8.30 மணி பிரியாணியும்

சிங்கப்பூரில் கேட்டரிங் சாப்பாடு வந்து இறங்கினால், எத்தனை மணிக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்று கூடவே ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சமைத்ததிலிருந்து 4 மணி நேரம், அவ்வளவுதான். 4.30க்குத் தம் உடைத்த பிரியாணி 8.30க்கு மேல் ஆகாது. அந்தப் பிரியாணியை வரவழைத்த பிறந்தநாள் விருந்துக்கு வாட்ஸ்அப்பில் போன அழைப்பிலோ 'செவன்-இஷ்', அதாவது ஏழு மணி வாக்கில், என்று இருக்கும். வாய்ட் டெக்கில், அதாவது அடுக்குமாடி வீட்டின் திறந்த தரைத்தளத்தில், நடக்கும் பாதிக் கூத்துக்குக் காரணம் இந்த 'இஷ்'தான்.

இது ஆங்கிலச் சொற்களின் பின்னால் ஒட்டும் பழைய வால். இங்கிலிஷ், டேனிஷ் என்று ஊரையும் இனத்தையும் சொல்ல வந்தது, பிறகு ரெட்டிஷ், புளூயிஷ் என்று நிறங்களில் தொற்றியது. மணிக்கும் வயதுக்கும் பின்னால் ஒட்டிக்கொண்டது 20ஆம் நூற்றாண்டில். முழு எண், அரை மணியோடு மட்டும்தான் இது பொருந்தும். 7-இஷ் சரி, 7.30-இஷ் சரி. 7.12-இஷ் என்று எழுதினால் சிரிப்பார்கள். 'அபௌட் செவன்-இஷ்' என்பது குடைக்குள் ரெயின்கோட் போட்டதுபோல, ஒன்று போதும். அலுவலகக் கடிதத்தில் இரண்டும் வேண்டாம், 'அப்ராக்ஸிமேட்லி' இருக்கிறது.

ஆங்கிலேயர் 7-இஷ் என்றால் 7.10, 7.15 என்று கொள்ளலாம். கொஞ்சம் பின்னால்தான் சாயும், முன்னால் அல்ல. நம் வீடுகளில் இரண்டு பக்கமும் சாயும். பெரியப்பா 6.20க்கே வந்து நாற்காலி போடுகிறவரை மேற்பார்வை பார்ப்பார். பூன் லே சித்தி 7.15க்கு 'ஆன் த வே லா' என்று அனுப்புவார். அப்போதுதான் தலை துவட்டிக்கொண்டிருப்பார். விருந்து பாசிர் ரிஸ்ஸில். ரயிலில் மட்டுமே ஒரு மணி நேரம். அவர் வரும்போது கேட்டரிங் தம்பி டிரேயை மூடிக்கொண்டிருப்பார், சித்தி அதைத் திறந்துகொண்டிருப்பார்.

ஆகவே அழைப்பில் கேக் வெட்டும் நேரத்தைப் போடுங்கள்: '7.15 கேக், 7.30 சாப்பாடு, 8.30க்கு மேசை எடுத்துவிடுவார்கள்'. கடைசி வரிதான் வேலை செய்யும்.

பெயர்ச்சொல்லோடு ஒட்டும்போது கவனம். சைல்டிஷ் என்றால் 'ஏறக்குறைய குழந்தை' அல்ல, திட்டு. பாராட்டுவதாக இருந்தால் சைல்ட்லைக். வயதில் இன்னொரு வேடிக்கை: 46 வயதுக்காரர் தன்னைத் தாராளமாக ஃபார்ட்டி-இஷ் என்பார், 38 வயதுக்காரர் வாயிலிருந்து அந்தச் சொல் வரவே வராது.

நம் ஊர் மலாய்ப் பேச்சில் 'உத்தேசமாக' என்று பொருள்படும் 'அகாக்-அகாக்'கும் இதுவும் ஒன்று என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சம்பாலுக்கு எவ்வளவு உப்பு என்று கேட்டால் மக்சிக் (மலாய் அத்தை) 'அகாக்-அகாக் லா' என்பார், ஆனால் கை தப்பாது. அது பழக்கத்தின் அளவு. இஷ் போடுகிறவருக்கு அளவே தெரியாது, தெரிந்தாலும் சொல்ல மனம் இல்லை.

கேட்டரிங்காரரிடம் 'ஃபிஃப்டி-இஷ் பேர்' என்று சொல்லிப் பாருங்கள். 'ஃபிஃப்டியா, சிக்ஸ்டியா?' என்பார். பதில் வரும்வரை பேனா நகராது.