அம்மாவுக்கு அவதான் மொழிபெயர்ப்பாளர், அவளுக்கு யாரு?

அமெரிக்காவுல, கலிபோர்னியா சான் ஹோசேல ஒரு லைப்ரரில சனிக்கிழமை தோறும் பசங்களுக்கு கணக்கு சொல்லித்தரேன், வர்ற புள்ளைங்கள்ல பாதி வியட்நாம் வீட்டுப் புள்ளைங்க. ஊர் அப்படி, இந்த ஒரு சிட்டில மட்டும் லட்சம் பேருக்கு மேல வியட்நாம்காரங்க இருக்காங்க. 1975ல தெற்கு வியட்நாம் தலைநகர் சைகோன் கம்யூனிஸ்ட்டுங்க கைல விழுந்தப்புறம் படகேறி தப்பிச்சவங்களோட பேரப்புள்ளைங்களும் உண்டு, அத்தை ஸ்பான்சர் பண்ணி இப்பதான் வந்து இறங்குனவங்களும் உண்டு. கூடப்பிறந்தவங்க மூலமா வர்ற அந்த விசாவுக்கு 10 வருஷத்துக்கு மேல காத்திருக்கணும். அவ்ளோ காத்திருந்து வந்த அம்மா நெயில் சலூன்ல ராத்திரி வரைக்கும் குனிஞ்சு வேலை பாக்குறதை புள்ளை பாத்துக்கிட்டே இருக்கு, "எல்லாம் உனக்காகத்தான்"னு யாரும் வாயத் திறந்து சொல்லவே வேணாம்.

அதுல ஒரு பொண்ணு, 15 வயசு. பேங்க் லெட்டர், வாடகை அக்ரிமெண்ட், அம்மாவோட பிரஷர் மாத்திரை, எல்லாத்துக்கும் அவதான் மொழிபெயர்ப்பு. ஆனா மூணு மாசமா தூக்கமில்ல, காரணமில்லாம அழுகை வருதுன்னு அம்மாகிட்ட சொல்ல அவகிட்ட வார்த்தை இல்ல. 7 வயசுல வந்தவ, அவளோட வியட்நாமிய மொழி சமையல்கட்டோட நின்னுபோச்சு. "புவோன்"னா சோகம், அது தெரியும். டிப்ரஷனுக்கு "ட்ரம் காம்"னு ஒரு சொல் இருக்குன்னே போன்ல தேடித்தான் கண்டுபிடிச்சிருக்கா.

இன்னொண்ணும் சொன்னா, அது என் மனசை விட்டுப் போகவே இல்ல. அந்த மொழில அம்மாகிட்ட பேசறப்ப "நான்"னு சொல்றதில்ல, "கொன்"னுதான், அதாவது "புள்ளை". சண்டை போட்டாக்கூட "புள்ளைக்கு கோவம் வருது"ன்னுதான் சொல்லணும். அதனால கோவம் வந்தா இங்கிலீஷுக்குத் தாவிடுறா, அம்மாவுக்கு பேச்சு பாதி புரியாது, மரியாதை போனது மட்டும் முழுசா புரியும்.

கடைசில அந்த "ட்ரம் காம்"ங்கிற சொல்லை அம்மாகிட்ட போன்லயே காட்டிட்டா. அம்மா ரெண்டு தடவை படிச்சிட்டு "சாப்பிட்டியா"ன்னு கேட்டாங்களாம். ஒடஞ்சு போயிட்டா பாவம். எங்கம்மாவும் அதையேதான் கேப்பாங்க, கேக்கத் தெரியாத எல்லாத்தையும் சேத்து அந்த ஒரு கேள்வில வச்சிருப்பாங்க, இதை அவகிட்ட சொன்னேன். அப்புறம் டாக்டர்கிட்ட போறப்ப நீ மொழிபெயர்க்காதே, ஆஸ்பத்திரியே இலவசமா ஆள் வச்சுத் தரணும், இங்க அது சட்டம்னும் சொன்னேன். தன் வலியைத் தானே அம்மாவுக்கு மொழிபெயர்த்தா, அம்மா முகத்தைப் பாத்து பாதியை முழுங்கிடுவா.

எப்பவும் கார்லயே காத்திருக்கிற அந்தம்மா போன வாரம் உள்ள வந்தாங்க. கைல நறுக்குன மாம்பழ டப்பா. என்கிட்ட தடுமாறி ரெண்டே வார்த்தை இங்கிலீஷ்ல கேட்டாங்க, "இன்டர்பிரட்டர் எங்கே?" மகளைக் காட்டி வேண்டாம்னு தலையாட்டுனாங்க.