எக்ஸ்டென்ட்: 'அளவுக்கு' என்பதில் ஒளிந்திருக்கும் விடை

ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் தேர்வில், எழுத்துத் தேர்வின் இரண்டாம் பகுதியான கட்டுரையில் அடிக்கடி வரும் கேள்வி: 'டு வாட் எக்ஸ்டென்ட் டு யூ அக்ரீ ஆர் டிஸ்அக்ரீ?', அதாவது எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள் அல்லது மறுக்கிறீர்கள்? முதல் முறை எழுதியபோது 'அக்ரீ' மட்டும்தான் என் கண்ணில் பட்டது. ஏற்கிறேன் என்று தொடங்கி, கடைசிப் பத்தியில் எதிர்த்தரப்பும் சரிதான் என்று முடித்துவிட்டேன். ஒன்பதுக்கு 6 தான் கிடைத்தது.

அவர்கள் கேட்டது 'எந்த அளவுக்கு' என்று. முழுக்க ஏற்கலாம், ஓரளவு ஏற்கலாம், அடியோடு மறுக்கலாம். எதுவானாலும் முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டுக் கடைசி வரை அதிலேயே நிற்க வேண்டும். மதிப்பெண்ணில் முதல் பகுதியைப் போல இரு மடங்கு எடை இந்த இரண்டாம் பகுதிக்கு. 40 நிமிடம், குறைந்தது 250 சொற்கள். அதனால் பேனாவை எடுக்குமுன் அந்த அளவை முடிவு செய்ய இரண்டு நிமிடம் செலவழியுங்கள்.

அடுத்து, இந்தச் சொல்லுக்கு முன்னால் எதைப் போடுவது? 'இன் சம் எக்ஸ்டென்ட்', 'அப்டு சம் எக்ஸ்டென்ட்' என்றெல்லாம் நம்மில் பலர் எழுதுகிறோம். 'ஓரளவில்', 'ஓரளவு வரை' என்று மனம் மொழிபெயர்ப்பதால் வருவது அது. 'ஓரளவுக்கு' என்று நினைத்துப் பாருங்கள். அந்தக் 'கு'தான் ஆங்கிலத்தின் 'டு'. டு சம் எக்ஸ்டென்ட் என்றால் ஓரளவுக்கு, டு எ லார்ஜ் எக்ஸ்டென்ட் என்றால் பெருமளவுக்கு. இதைப் பிடித்தபின் நான் ஒருமுறைகூடத் தவறவில்லை.

எழுத்துப்பிழை வேறு. 'எக்ஸ்டென்ட்' பெயர்ச்சொல், தேநீரைக் குறிக்கும் 'டீ' என்ற சொல் தொடங்கும் எழுத்தில் முடியும்; நீட்டு என்னும் வினைச்சொல் 'எக்ஸ்டெண்டு' வேறு எழுத்தில், அதாவது நாயைக் குறிக்கும் 'டாக்' என்ற சொல் தொடங்கும் எழுத்தில் முடியும். வண்டி, நண்டு என்று மெல்லினத்துக்குப் பின் வரும் டகரத்தை மென்மையாகவே சொல்லிப் பழகிய நமக்கு இரண்டும் ஒன்றாகக் கேட்கும். காதை நம்பாதீர்கள், வாக்கியத்தில் அது பெயரா வினையா என்று பாருங்கள்.

இன்னொன்று: அகராதியில் 'அளவு' என்று பார்த்துவிட்டு எல்லா அளவுக்கும் இதைப் போட முடியாது. சட்டையின் அளவு 'சைஸ்', சர்க்கரையின் அளவு 'அமவுண்ட்'. ஒன்று எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது, எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்னும்போதுதான் எக்ஸ்டென்ட். வெள்ளம் வடிந்தபின் பார்ப்பது 'தி எக்ஸ்டென்ட் ஆஃப் தி டேமேஜ்'.

'டு சச் அன் எக்ஸ்டென்ட் தட்' என்பதையும் பழகிக்கொள்ளுங்கள். 'பேச முடியாத அளவுக்குத் தொண்டை கட்டிவிட்டது' போன்ற வாக்கியங்களுக்கு அது வேண்டும். தமிழில் விளைவு முதலில் வரும், ஆங்கிலத்தில் கடைசியில். நான் தினமும் இப்படி ஐந்து தமிழ் வாக்கியம் எழுதி, திருப்பிப் போட்டுப் பார்ப்பேன். மூன்றாவது வாரத்தில்தான் கை தானாக எழுதத் தொடங்கியது.