தனியாக ஆடும் ஆர்பிஜி: ஆரக்கிளிடம் எதைக் கேட்பது, எப்போது நிறுத்துவது

டேபிள்டாப் ஆர்பிஜி (ஒரு கதாபாத்திரமாக மாறி, பேச்சிலும் பகடையிலும் கதையை நகர்த்தும் மேசை ஆட்டம்) என்றால் மேசையைச் சுற்றி நாலைந்து பேர், கதையை நடத்த ஒரு கேம் மாஸ்டர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தனியாக ஆடும் வழக்கமும் ஏறக்குறைய அதே அளவுக்குப் பழையது. இந்த வகை ஆட்டங்களுக்குத் தொடக்கமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வந்தது. பகடை உருட்டி நிலவறையை அறை அறையாக வரைந்துகொண்டே ஒருவர் மட்டும் ஆடுவதற்கான அட்டவணைகளை, அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான கேரி கைகாக்ஸ் அடுத்த ஆண்டே எழுதிவிட்டார். 1976இல் டனல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ் ஆட்டத்துக்கு 'பஃபலோ காசில்' என்ற தனியாள் சாகசம் வெளியானது. இவற்றில் பாதை முன்பே போடப்பட்டிருக்கும். கேம் மாஸ்டரிடம் கேட்கும் கேள்வியைப் பகடையிடம் கேட்டு 'ஆம்', 'இல்லை' என்று பதில் வாங்கும் ஆரக்கிள் முறையைப் பரவலாக்கியது, 2006இல் வந்த டானா பிஜியனின் 'மித்திக் கேம் மாஸ்டர் எமுலேட்டர்'.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது ஷான் டாம்கின் 2018இல் வெளியிட்ட 'அயர்ன்ஸ்வார்ன்'. பிடிஎஃப் இலவசம், விதியும் ஆரக்கிளும் ஒரே புத்தகத்தில் இருக்கின்றன. இரும்பைத் தொட்டுச் சபதம் எடுப்பவர்தான் நாயகர். குளிரும் காடும் நிறைந்த அயர்ன்லாண்ட்ஸில் அந்தச் சபதத்தை நிறைவேற்ற அலைவதே கதை.

தேவையானவை: ஆறு முகப் பகடை ஒன்று, பத்து முகப் பகடை இரண்டு (வேறு வேறு நிறத்தில்), பென்சில், நோட்டு. பத்து முகப் பகடை நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைக்காது. சீட்டுக்கட்டில் ஜாக், ராணி, ராஜாவை எடுத்துவிட்டு ஏஸ் முதல் பத்து வரை வைத்துக்கொண்டால் போதும். எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டுக் குலுக்கிய பிறகே அடுத்ததை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு சாய்ந்துவிடும். நூறு வரை எண் வேண்டுமானால் இருமுறை எடுத்து, பத்தாம் சீட்டைச் சுழியாகக் கொள்ளுங்கள். இரண்டும் சுழி என்றால் 100.

பாத்திரம் உருவாக்கப் பத்து நிமிடம் போதும். ஐந்து திறன்களுக்கு 3, 2, 2, 1, 1 என்று மதிப்பைப் பிரித்துக் கொடுங்கள். உடல்நலம், மனவுறுதி, கையிருப்பு மூன்றும் 5இல் தொடங்கும், மொமென்டம் (காரியங்கள் உங்களுக்குச் சாதகமாகப் போகும் வேகத்தைக் காட்டும் எண்) +2இல். அசெட் எனப்படும் சிறப்புத் திறன் அட்டைகள் மூன்று. உலகத்தைப் பற்றி முடிவு செய்யப் புத்தகம் தரும் பதினோரு தலைப்புகளில் முதல் நாள் இரண்டைத் தொட்டால் போதும். பதினொன்றையும் முடித்துவிட்டுத்தான் ஆடுவேன் என்பவர்கள் பெரும்பாலும் ஆட்டத்துக்கு வந்து சேர்வதே இல்லை.

ஆபத்தான காரியம் எதுவானாலும் மூன்று பகடையையும் சேர்த்து உருட்டுங்கள். ஆறு முகப் பகடையின் எண்ணோடு திறனைக் கூட்டி, இரண்டு பத்து முகப் பகடைகளோடும் தனித்தனியாக ஒப்பிட வேண்டும். இரண்டையும் மிஞ்சினால் முழு வெற்றி, ஒன்றை மட்டும் மிஞ்சினால் அரை வெற்றி, இரண்டையும் மிஞ்சாவிட்டால் தோல்வி. சமமாக வந்தால் மிஞ்சியதாகாது. திறன் 2 உள்ளவருக்கு முழு வெற்றி 23 சதவீதம், அரை வெற்றி 44, தோல்வி 33. திறன் 3 என்றால் முழு வெற்றியும் தோல்வியும் அப்படியே இடம் மாறும். திறன் 1 என்றால் தோல்வி 45 சதவீதம்.

இந்தக் கணக்கை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. தோல்வி அடிக்கடி வரும். வரும்போது 'ஒன்றும் நடக்கவில்லை' என்று எழுதினால் ஆட்டம் அங்கேயே செத்துப்போகும். கதவு திறக்கவில்லை என்று எழுதாதீர்கள். கதவு திறந்தது, உள்ளே இருப்பவர் விழித்துக்கொண்டார் என்று எழுதுங்கள். தோல்வி நிலைமையை மாற்ற வேண்டும், அதற்கு ஒரு விலை இருக்க வேண்டும். என்ன விலை என்று தோன்றாவிட்டால் அதற்கும் புத்தகத்தில் அட்டவணை உண்டு.

ஆரக்கிள்தான் இதில் கைப்பழக்கம் கேட்கும் பகுதி. முதலில் 'ஆம்' எவ்வளவு சாத்தியம் என்று நீங்களே தீர்மானிக்க வேண்டும். பிறகு இரண்டு பத்து முகப் பகடைகளால் 1 முதல் 100 வரை ஓர் எண் எடுங்கள். அநேகமாக உறுதி என்றால் 11 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆம். சாத்தியம் அதிகம் என்றால் 26, பாதிக்குப் பாதி 51, குறைவு 76, மிகக் குறைவு 91. உதாரணமாக, பனி மூடுமுன் பக்கத்து ஊரிலிருந்து மருந்து கொண்டுவரச் சபதம் எடுத்திருக்கிறீர்கள். ஊர் வாசலில் காவல் உண்டா? சாத்தியம் அதிகம். விழுந்தது 14, அதாவது காவல் இல்லை. ஏன் இல்லை? இதற்கு ஆம்-இல்லை உதவாது. செயல், கருப்பொருள் என்ற இரண்டு அட்டவணைகளிலும் ஒவ்வொரு சொல் எடுக்கிறீர்கள்: 'கைவிடு', 'கடன்'. கூலி பாக்கியானதால் காவலர்கள் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். அப்படியென்றால் மருந்துக்கு இந்த ஊர் என்ன விலை கேட்கும்? கதை தானாக நகரத் தொடங்கிவிட்டது.

இங்கே நிறுத்த வேண்டும். காவலர்கள் எத்தனை பேர், எந்தத் திசையில் போனார்கள், தலைவர் பெயர் என்ன என்று தொடர்ந்து உருட்டினால் பதில்கள் ஒன்றையொன்று வெட்டும், உங்கள் கையில் ஆடுவதற்கு எதுவும் மிஞ்சாது. ஒரு காட்சிக்கு இரண்டு மூன்று கேள்வி தாராளம். பதில் உங்களுக்கே தெளிவாகத் தெரிந்தால் கேட்கவே வேண்டாம். பதில் பிடிக்கவில்லை என்று திரும்ப உருட்டுவதைவிட, கேட்கும் முன் 'இரண்டு பதிலும் எனக்குச் சம்மதமா?' என்று யோசிப்பது மேல். இரண்டு சொற்களும் சேர்ந்து பொருள் தராவிட்டால் ஒன்றை விட்டுவிடுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் அதோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

முதல் சபதம் சிறியதாக இருக்கட்டும். சபதத்துக்குப் பத்துக் கட்டம் கொண்ட தடம் உண்டு. 'தொல்லை' எனும் அடிமட்டத் தரத்தில் ஒவ்வொரு மைல்கல்லுக்கும் (சபதத்தை நோக்கிய முக்கிய முன்னேற்றம்) மூன்று கட்டம் நிரப்பலாம்; மூன்று மைல்கல்லில் ஒன்பது ஆகிவிடும். முடிக்கும்போது ஆறு முகப் பகடை கிடையாது, நிரம்பிய கட்டங்களையே பத்து முகப் பகடைகளோடு ஒப்பிட வேண்டும். ஒன்பது கட்டத்தில் முழு வெற்றி 64 சதவீதம், தோல்வி 4. அவசரப்பட்டு ஆறு கட்டத்தில் முயன்றால் இரண்டும் 25. உச்சத் தரமான 'காவியம்' எடுத்தால் ஒரு மைல்கல்லுக்குக் கட்டத்தின் கால் பங்குதான் நிரம்பும். பத்துக் கட்டத்துக்கு நாற்பது மைல்கல். புதியவர்கள் பாதியில் கைவிடுவதற்கு இதுவே பெரிய காரணம்.

குறிப்பு எழுதுவதும் அப்படித்தான். ஒவ்வொரு காட்சியையும் சிறுகதையாக எழுதினால் ஒரு மணி நேரத்தில் ஒரே வாசலைத் தாண்டியிருப்பீர்கள். என்ன கேட்டோம், என்ன விழுந்தது, என்ன நடந்தது என்று காட்சிக்கு மூன்று வரி போதும். எழுதுவதையே விரும்புகிறவர்களுக்கு வேறு ஆட்டங்கள் இருக்கின்றன. டிம் ஹட்சிங்ஸின் 'தௌசண்ட் இயர் ஓல்ட் வாம்பயர்' முழுக்க எழுத்துதான். அதில் நினைவுகளுக்கு ஐந்தே இடம், புதியதற்கு இடம் தரப் பழையதை இழக்க வேண்டும். கிறிஸ் பிசெட்டின் 'தி ரெச்சட்' சீட்டுக்கட்டையும் மரக்கட்டைகளை அடுக்கிய ஜெங்கா கோபுரத்தையும் வைத்து ஆடுவது. கோபுரம் சரிந்தால் ஆட்டம் முடிந்தது.

இந்த உலகத்தில் நான் மிகவும் மதிப்பது அதன் தாராளம். 'தி ரெச்சட்' ஆட்டத்தின் அடிப்படை விதிகளை மற்றவர்களும் பயன்படுத்தத் திறந்துவிட்டதால், அதே சட்டகத்தில் ஏராளமான சிறு ஆட்டங்கள் இட்ச்.ஐஓ என்ற இணையதளத்தில் குவிந்திருக்கின்றன. அயர்ன்ஸ்வார்ன் விதிகளும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைக்கின்றன. மூலத்தைக் குறிப்பிட்டு, உரிம நிபந்தனைகளைப் படித்துவிட்டு, உங்கள் அட்டவணைகளைத் தமிழிலேயே எழுதி வெளியிடலாம். அதற்கு நூறு சொல் தேவையில்லை. செயலுக்கு இருபது, கருப்பொருளுக்கு இருபது போதும், நானூறு இணைகள் கிடைத்துவிடும். 'நல்லது', 'கெட்டது' போன்ற மொட்டைச் சொற்களைத் தவிர்த்து 'அடகு', 'வாய்க்கால்', 'எல்லைத் தகராறு', 'சீர்வரிசை' போல உள்ளே ஒரு சம்பவத்தை வைத்திருக்கும் சொற்களாகத் தேர்ந்தெடுங்கள்.